நான்கு மைக்ரான் தண்ணீர்: ஒரு நீர்மூழ்கி மோட்டாரின் த்ரஸ்ட் பேரிங் ஆய்வு

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், பாமணியாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு ஊரில், ஐந்து குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் ஒன்று திரும்பத் திரும்ப எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் பைப்பைக் கழற்றி மோட்டாரை மேலே எடுக்க வேண்டும், டவுனுக்குக் கொண்டுபோய்க் காயில் கட்ட வேண்டும், திரும்பவும் இறக்க வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும் தண்ணீர் கல்லணை வந்து, வெண்ணாற்றில் இறங்கி, மூணாறு தலைப்பில் பிரிந்து வயலுக்கு வர நாளாகும். குறுவை நாற்று அதற்குள் தயாராக இருக்க வேண்டும். மே மாத வெயிலில் மோட்டார் நின்றால் நாற்றங்கால் கருகிப்போகும். அதனால் இது பேரிங் பற்றிய ஆய்வு என்றாலும், அந்த வீட்டுக்கு ஒரு போகத்தைப் பற்றிய விஷயம்.

காரணம் என்ன என்பதில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. மெக்கானிக் மணல் என்றார். விவசாயி காயில் கம்பி சரியில்லை என்று நினைத்தார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கரண்டைச் சொன்னார்கள். பிரித்துப் போட்டிருந்த மோட்டாரில் நான் முதலில் பார்த்தது, தண்டின் கீழ்நோக்கிய சுமையைத் தாங்க அடியில் இருக்கும் த்ரஸ்ட் பேரிங். ஆறு கார்பன் துண்டுகள். முகத்தில் சுழலும் திசையிலேயே வரிவரியாகக் கீறல்கள்.

"கார்பன் நல்லாத்தான் இருக்குங்க சார், கனம் குறையலையே. அதான் அதையே திருப்பிப் போட்டுடுறோம்" என்றார் மெக்கானிக்.

அவர் சொன்னது உண்மைதான், கனம் குறையவில்லை. ஆனால் இந்த வகை பேரிங்கில் சுமையைத் தாங்குவது கார்பனுக்கும் எதிரே சுழலும் எஃகுத் தட்டுக்கும் இடையில் நுழையும் தண்ணீர்ப் படலம். அந்தப் படலம் எவ்வளவு மெல்லியது, அது எப்போது கிழிகிறது, கிழிந்தால் உராய்வு எவ்வளவு ஏறுகிறது என்பதை அளந்தால்தான் காயில் ஏன் எரிந்தது என்று சொல்ல முடியும். இந்த மோட்டாரில் அதை அளந்தோம். மெல்லிய படலத்தின் உராய்வைத் திரவத்தின் பாகுநிலையை, அதாவது அது ஓடுவதற்குக் காட்டும் தடையை, மட்டும் பார்த்து ஊகிக்கக் கூடாது; அதை அதன் சுமையில், அதன் வேகத்தில், அதன் முகங்களோடு சேர்த்தே அளக்க வேண்டும். என் வாதம் முழுவதும் இதுதான்.

படலம் எவ்வளவு மெல்லியது?

டெல்டாவில் நீர்மட்டம் மேலே இருக்கும் இடங்களில் ஃபில்டர் பாயின்ட் இறக்கி, கரையில் பம்பை வைப்பார்கள். மட்டம் இறங்கிப்போன இடங்களில் நீர்மூழ்கிதான். இங்கே உள்ளது தண்ணீர் நிரப்பிய வகை. மோட்டாருக்குள் சுத்தமான தண்ணீரை ஊற்றி அடைத்துவிடுவார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட காயில் கம்பியைக் குளிர வைப்பதும் அந்தத் தண்ணீர்தான், பேரிங்குக்கு உயவுப் பொருளும் அதுதான். எண்ணெய் ஒரு சொட்டும் கிடையாது.

பம்பு தண்ணீரை மேலே தள்ளும்போது தண்டு கீழே அழுத்தப்படுகிறது. ரோட்டரின் எடையும் சேர்ந்து, இந்த அளவு மோட்டாரில் சுமார் 100 கிலோ சுமை த்ரஸ்ட் பேரிங்கின் மேல் உட்காருகிறது. ஆறு துண்டுகளின் மொத்தப் பரப்பு சுமார் 18 சதுர சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2900 சுற்றில், மூன்று சென்டிமீட்டர் ஆரத்தில், எஃகு முகம் கார்பனை வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் கடக்கிறது. ஒவ்வொரு துண்டும் அடியில் ஒரு சிறு முனையின் மேல் தாங்கப்பட்டிருப்பதால் லேசாகச் சாய்கிறது. அந்தச் சாய்வில் தண்ணீர் ஆப்பு போல நுழைந்து அழுத்தத்தை உண்டாக்குகிறது. சாயும் துண்டு என்ற இந்த ஏற்பாட்டை ஆஸ்திரேலியாவில் மிச்செலும் அமெரிக்காவில் கிங்ஸ்பரியும் தனித்தனியாகக் கண்டார்கள். 1912-இல் சஸ்குவஹானா ஆற்றின் ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் கிங்ஸ்பரியின் பேரிங் ஏறியது. அதற்கு அடிப்படையான கணக்கு ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் எழுதியது. அவரை அதற்குத் தூண்டியது போஷம்ப் டவர் என்பவர் ரயில் அச்சு பேரிங்கில் 1883-இல் வெளியிட்ட சோதனைகள். பேரிங்கின் மேல்பக்கம் துளை போட்டபோது எண்ணெய் வெளியே வழிந்தது. அடைத்த கட்டையையும் தள்ளிக்கொண்டு வந்தது. படலம் அழுத்தத்தோடு சுமையைத் தூக்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ரெனால்ட்ஸின் சமன்பாட்டை நம் மோட்டாருக்குப் போட்டால், பக்கவாட்டில் ஒழுகும் தண்ணீரையும் கழித்து, படலத்தின் மிக மெல்லிய இடம் சுமார் 4 மைக்ரான் வருகிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டு அதில் நான்கு பங்கு. தண்ணீரின் பாகுநிலை மிகக் குறைவு, 38 பாகை வெப்பத்தில் 0.7 மில்லிபாஸ்கல் வினாடியை ஒட்டித்தான். இதே பேரிங்கில் 30 மில்லிபாஸ்கல் வினாடி கொண்ட இலகுவான எண்ணெய் இருந்தால் படலம் 26 மைக்ரானுக்குப் போயிருக்கும். தடிமன் பாகுநிலையின் வர்க்கமூலத்தோடு ஏறுகிறது, வேகத்தின் வர்க்கமூலத்தோடும் ஏறுகிறது. இந்த இரண்டாவது விஷயத்தை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பழுதின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மணல் என்று மெக்கானிக் சொன்னதை இந்த அளவோடு வைத்துப் பார்க்கலாம். வண்டலின் துகள் 2 மைக்ரானிலிருந்து அறுபது, எழுபது மைக்ரான் வரை இருக்கும். நான்கு மைக்ரான் இடைவெளியில் அதில் பெரும்பாலானவை தாராளமாகச் சிக்கும். போர்வெல்லில் வரும் மணல் நேராக பேரிங்குக்குப் போவதில்லை, நடுவில் சீல் இருக்கிறது. ஆனால் மோட்டாரை இறக்குவதற்கு முன் வாய்க்கால் தண்ணீரை ஒரு குடம் எடுத்து ஊற்றிவிடுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீரிலும் பத்து மைக்ரான் துகள் இருக்கலாம். ஆக, மெக்கானிக்கின் ஊகம் வீண் இல்லை. அது பாதிக் கதை.

அளந்த விதம்

இதற்கென்று விலைக்குக் கிடைக்கும் கருவிகள் உண்டு. அவை நம் பட்டறைகளில் இல்லை. ஒரு தூண் டிரில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டோம். அதன் மோட்டாருக்கு வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவியான வி.எஃப்.டி. போட்டதால் வேகத்தைச் சுழியத்திலிருந்து மெல்ல மெல்ல ஏற்ற முடிந்தது. எஃகுத் தட்டை ஸ்பின்டிலில் மாட்டி, கார்பன் துண்டுகளை அவற்றின் தாங்கியோடு ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீருக்குள் வைத்தோம். டிரில்லின் கைப்பிடியில் எடையைத் தொங்கவிட்டால் சுமை மாறாமல் நிற்கும். அடியில் வைத்த மேடைத் தராசு அந்தச் சுமையைக் காட்டும்.

தட்டு சுழலும்போது தாங்கியும் கூடவே திரும்பப் பார்க்கும். 30 சென்டிமீட்டர் கை ஒன்றை அதில் பொருத்தி, கையின் நுனியைத் தராசில் கட்டினால் உராய்வின் திருப்பு விசை கிடைத்துவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் படலம் முழுதாக இருக்கும்போது நுனியில் வரும் விசை 25 கிராம் அளவு. படலம் இல்லாதபோது ஒன்றரை கிலோ. ஒரே தராசு இரண்டுக்கும் ஆகாது. பெரிய அளவுக்குத் தொங்கு தராசும், சிறிய அளவுக்கு நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசும் வைத்தோம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மெல்லிய படலத்தை அளக்கும் யாரும் இதைத் தாண்டித்தான் வர வேண்டும். தாங்கி தடையில்லாமல் திரும்ப வேண்டுமென்றால் அதை ஒரு பால் பேரிங்கின் மேல் உட்கார வைக்க வேண்டும். அந்தப் பால் பேரிங்குக்கும் சொந்தமாக உராய்வு உண்டு. அதன் குணகம், அதாவது உராய்வு விசையைச் சுமையால் வகுத்த எண், 0.0015 அளவு. நாம் அளக்க நினைக்கும் தண்ணீர்ப் படலத்தின் குணகம் கணக்குப்படி 0.0025. அளக்கிற கருவியின் பிழையும் அளக்கப்படும் பொருளும் ஏறக்குறைய ஒரே அளவு. இதற்கு வழி இருக்கிறது. இரண்டு த்ரஸ்ட் பால் பேரிங்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் இருக்கும் வளையத்தைக் கையால் மெதுவாக வலப்பக்கம் சுழற்றிக்கொண்டே ஒரு அளவு எடுக்க வேண்டும். பிறகு அதே வேகத்தில் இடப்பக்கம் சுழற்றி இன்னொன்று எடுக்க வேண்டும். தாங்கியை நேராகச் சுமக்கும் மேல் பேரிங்கின் உராய்வு முதல் அளவில் கூடும், இரண்டாவதில் அதே அளவு குறையும். இரண்டின் சராசரியில் அது விழுந்துவிடும், தண்ணீரின் உராய்வு மட்டும் மிஞ்சும். இந்த ஒரு ஏற்பாடு இல்லாமல் எடுத்த எந்தச் சிறிய உராய்வு எண்ணையும் நான் நம்ப மாட்டேன்.

தடிமனை நேராக அளக்க எங்களிடம் வழியில்லை. படலம் முழுதாக இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்பதை மின்தடையால் பார்த்தோம். கார்பனும் எஃகும் மின்சாரத்தைக் கடத்தும். இரண்டும் தொட்டால் தடை ஓமில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். நடுவில் தண்ணீர் புகுந்தால் தடை ஏற வேண்டும். போர் தண்ணீரில் இது எடுபடாது. அதில் உப்பு இருக்கிறது, அதோடு படலம் அவ்வளவு மெல்லியதாகவும் அகலமாகவும் இருப்பதால் தண்ணீரே நல்ல கடத்தியாகிவிடுகிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கணக்குப் போட்டால் படலத்தின் தடை சில ஓம் வரும். தொட்ட நிலையையும் தொடாத நிலையையும் பிரித்துச் சொல்ல அது போதும். தாங்கியை மின்சாரம் கடத்தாத ஹைலம் தகட்டின் மேல் வைத்து மற்ற பாகங்களிலிருந்து பிரித்தோம். சுழலும் ஸ்பின்டிலோடு இணைப்புக்கு மிக்ஸியின் கார்பன் பிரஷ். கொடுத்தது ஐம்பது மில்லிவோல்ட் அளவு மட்டும். அதற்கு மேல் போனால் தண்ணீரில் வேறு வேதி மாற்றங்கள் குறுக்கே வரும்.

மூன்று ஜோடி முகங்கள்

முதலில் புது கார்பன். டிரில்லின் உச்ச வேகத்தில் உராய்வுக் குணகம் 0.003-ஐ ஒட்டி இருந்தது, கணக்கோடு ஒத்துப்போகிறது. வேகத்தைக் குறைக்கக் குறைக்க உராய்வும் குறைந்தது. அதில் ஆச்சரியமில்லை, தண்ணீரைச் சறுக்கவைக்கும் வேகம் குறைகிறது. ஒரு கட்டத்தில் தராசின் கடைசி இலக்கத்தில்தான் அசைவு தெரிந்தது. நிமிடத்துக்கு நூறு சுற்றை ஒட்டி வந்தபோது நிலைமை தலைகீழானது. தடைமானி துள்ளத் தொடங்கியது. உராய்வு சரசரவென்று ஏறி, சுழற்சி நிற்கப்போகும்போது 0.15 அருகே போனது. உச்ச வேகத்தில் இருந்ததைப் போல ஏறத்தாழ ஐம்பது மடங்கு.

வேகம் இடமிருந்து வலமாக ஏறும்படி உராய்வை வரைந்தால் வரும் இந்த வளைவுக்கு ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக்கின் பெயர் உண்டு; 1902-இல் அவர் வெளியிட்ட பேரிங் அளவுகளிலிருந்து வந்தது. வலது பக்கம் முழுப் படலம், இடது பக்கம் முகங்கள் உரசும் எல்லை உயவு, நடுவில் இரண்டும் கலந்த பகுதி. நூறு சுற்றில் ஏன் திரும்புகிறது என்பதற்கு வர்க்கமூலம் பதில் சொல்கிறது. 2900 சுற்றில் 4 மைக்ரான் என்றால் நூறு சுற்றில் முக்கால் மைக்ரான்தான். நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய கார்பனிலும் எஃகிலும் உள்ள மேடுபள்ளம் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வந்துவிடும்.

அடுத்து, எரிந்த மோட்டாரிலிருந்து எடுத்த பழைய கார்பன். உச்ச வேகத்திலும் தடை ஏறவே இல்லை. படலம் எந்த வேகத்திலும் முழுதாகவில்லை. உராய்வுக் குணகம் 0.03 பக்கம். புது கார்பனில் வெப்பமாகப் போகும் திறன் 25 வாட்; இதில் 270 வாட். மோட்டாருக்குள் அடைபட்ட சில லிட்டர் தண்ணீர் அந்த வெப்பத்தை வாங்குகிறது. தண்ணீர் சூடானால் பாகுநிலை இறங்கும்: 30 பாகையில் 0.80, அறுபது பாகையில் 0.47. படலம் இன்னும் மெலியும். கீறல் உராய்வைக் கூட்டுகிறது, உராய்வு வெப்பத்தை, வெப்பம் படலத்தை மெலிய வைத்து மறுபடி கீறலை. காயில் எரிவது இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணி. காயிலை மட்டும் மாற்றி அதே கார்பனைத் திரும்பப் போட்டால் சங்கிலி முதல் கண்ணியிலிருந்தே தொடங்கும். கனத்தைப் பார்த்து கார்பன் நல்லது என்று முடிவு செய்வது எவ்வளவு தப்பு என்பதை இந்த அளவு காட்டுகிறது. மூன்று மைக்ரான் கீறல் கனத்தில் தெரியவே தெரியாது, நான்கு மைக்ரான் படலத்துக்கோ அது எமன்.

மூன்றாவதாக அதே பழைய துண்டுகளைத் தடித்த கண்ணாடியின் மேல் வாட்டர் பேப்பரை விரித்து, நம்பரை ஏற்றிக்கொண்டே போய், தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். எஃகுத் தட்டுக்கும் அதே வைத்தியம். படலம் எழும் வேகம் புதுசுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. புது செட் வாங்காமலே பேரிங் பிழைத்தது என்பதில் மெக்கானிக்குக்குத்தான் என்னைவிட மகிழ்ச்சி.

அவர் இன்னொன்றும் கேட்டார். நிரப்பும் தண்ணீரில் லேத்துக்கு ஊற்றும் கட்டிங் ஆயிலைக் கொஞ்சம் கலப்பது சில கடைகளில் வழக்கம், வழவழப்பு கூடும் என்று. கலந்து பார்த்தோம். வெள்ளையாகக் குழம்பியது, நின்ற நிலையிலிருந்து கிளம்பும் உராய்வில் எங்கள் கருவிக்குத் தெரிகிற மாற்றம் எதுவும் வரவில்லை. முழுப் படலப் பகுதியிலும் இல்லை, ஏனென்றால் கலவையின் பாகுநிலை தண்ணீரைவிட அதிகம் மாறவில்லை. பலனில்லாத ஒன்றைக் காயில் கம்பியின் பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து அடைத்துவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

மேடுகளுக்கு இடையில் உள்ள தண்ணீர்

எல்லை உயவில் என்ன நடக்கிறது? இரண்டு முகங்களின் மேடுகள் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் மைக்ரான் கணக்கில் இல்லை. மூலக்கூறு கணக்கில் இருக்கிறது. அங்கே திரவம் திரவமாகவே இருக்கிறதா என்பது இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பெரிய கேள்வியாக இருந்தது. அதற்கு விடை தேடிய கருவியைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆய்வு நிறைவாகாது, ஏனென்றால் எங்கள் டிரில்லிங் மெஷினால் முடியாததை அது செய்கிறது.

மைக்காவை உரித்தால் அணு அளவில் சமமான முகம் கிடைக்கும். சில மைக்ரான் கனமுள்ள அப்படிப்பட்ட இரண்டு தாள்களின் பின்பக்கம் வெள்ளி பூசி, ஒரு சென்டிமீட்டர் அளவு ஆரமுள்ள கண்ணாடி உருளைகளில் ஒட்டுவார்கள். குறுக்காக வைத்த இரண்டு உலக்கைகளைப் போல உருளைகள் ஒரு புள்ளியில் மட்டும் சந்திக்கும். வெள்ளை ஒளியை ஊடாக அனுப்பினால் இரண்டு வெள்ளிப் பூச்சுக்கும் இடையில் அது முன்னும் பின்னும் பட்டு, சில நிறங்கள் மட்டும் வெளியே வரும். அந்த நிறங்களின் இடத்தை நிறமாலைமானியில் பார்த்து, இடைவெளியை 0.1 நானோமீட்டர் வரை சொல்லலாம். கேம்பிரிட்ஜில் டேபரும் வின்டர்ட்டனும் 1969-இல் தொடங்கிய வேலை. இஸ்ரேலாச்விலி அதைத் திரவங்களுக்குக் கொண்டுபோனார். பிறகு ஒரு முகத்தை மெல்லிய வில்களில் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் இழுத்து, வில்லின் வளைவிலிருந்து உராய்வை எடுத்தார்கள். 1988-இல் இஸ்ரேலாச்விலியின் குழுவும், வான் ஆல்ஸ்டனும் கிரானிக்கும் இப்படி அளந்த முடிவுகள் வெளிவந்தன.

இந்தக் கருவியின் மதிப்பு எனக்கு ஒரே இடத்தில் இருக்கிறது: தொடும் பரப்பும் ஒளியிலேயே தெரிகிறது. விசையைப் பரப்பால் வகுத்தால் உண்மையான சறுக்குத் தகைவு கிடைக்கும். வேகத்தைத் தடிமனால் வகுத்தால் சறுக்கு வீதம். எங்கள் கார்பனில் உண்மையாகத் தொடும் மேடுகளின் பரப்பு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, அதனால் 0.15 என்ற எண் ஒரு மொத்தக் கணக்குதான்.

அந்த அளவுகளில் கண்டது இது. எண்ணெய் வகைத் திரவங்களைச் சில மூலக்கூறு அடுக்கு வரை நெருக்கினால் அவை அடுக்கடுக்காக ஒழுங்காகின்றன. பாகுநிலை பல்லாயிரம் மடங்கு ஏறுகிறது. சில நேரம் திடப்பொருள் போலப் பிடித்துக்கொண்டு, ஒரு அளவு விசைக்குப் பிறகு விடுபட்டு, மறுபடி பிடிக்கின்றன. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் க்ளைனும் குமசேவாவும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், வட்டமான மூலக்கூறு கொண்ட ஒரு சிலிக்கான் திரவம் ஏழு அடுக்கு வரை திரவமாக இருந்துவிட்டு ஆறாவதில் சட்டென்று திடத்தன்மைக்கு மாறியதைக் காட்டினார்கள். தண்ணீர் இதில் வேறு ஜாதி. 2001-இல் ரவிவ், லாரட், க்ளைன் மூவரும் அளந்தபோது, ஒரு நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில்கூட தண்ணீரின் பாகுநிலை சாதாரணத் தண்ணீரைப் போல மூன்று மடங்குக்குள்ளேயே இருந்தது. நெருக்கினாலும் அது ஓடுகிறது.

எங்கள் கேள்விக்கு இது எப்படி உதவுகிறது? கிளம்பும்போது வரும் 0.15 உராய்வுக்கு, மேடுகளுக்கு நடுவே தண்ணீர் உறைந்து இறுகியது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. கார்பனும் எஃகும் நேராக உரசுவதுதான் அது. அந்த உரசலிலும் தண்ணீருக்கு ஒரு பங்கு உண்டு. கிராஃபைட் தானாக வழுக்குகிறது என்று பலரும் நினைக்கிறோம். இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களில் மோட்டார் கார்பன் பிரஷ்கள் வேகமாகப் பொடியாகிப் போயின. மேலே காற்றில் ஈரம் இல்லை. கிராஃபைட்டின் படிக ஓரங்களில் நீராவி ஒட்டியிருந்தால்தான் அது வழுக்கும் என்பதை சாவேஜ் 1948-இல் விளக்கினார். ஆக, நான்கு மைக்ரான் தண்ணீர் போன பிறகும் ஒரு சில மூலக்கூறு கனமுள்ள தண்ணீர் கார்பனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. 0.15-ஐ அவ்வளவோடு நிறுத்துவது அதுதான் என்பது என் கணிப்பு. அதில் எண்ணெயைக் கலந்து என்ன மாறப்போகிறது?

மைக்காவில் கண்டதை அப்படியே கார்பனுக்கு ஏற்றிவிடக் கூடாது. அது அணு அளவில் சமம், இது கரடு. இன்னொரு எச்சரிக்கையும் அந்தத் துறையே தந்தது. மைக்காத் தாளைச் சூடான பிளாட்டினம் கம்பியால் வெட்டும்போது சில நானோமீட்டர் அளவுத் துகள்கள் முகத்தில் படிகின்றனவா, அவைதான் சில உராய்வு முடிவுகளுக்குக் காரணமா என்று 2000-களில் காரசாரமான விவாதம் நடந்தது. வெட்டும் முறைகளையே மாற்றினார்கள். நானோமீட்டர் படலத்துக்கு நானோமீட்டர் தூசி, நம் மைக்ரான் படலத்துக்கு வாய்க்கால் வண்டல். துகள் எவ்வளவு பெரியது என்பதை எப்போதும் படலத்தோடு ஒப்பிட்டே சொல்ல வேண்டும்.

ஸ்டார்ட்டர் பெட்டி

சரி, கார்பன் கீறியது ஏன்? நூறு சுற்றுக்குக் கீழே மட்டும்தான் உரசல் என்றால், நல்ல மோட்டார் ஒரு வினாடிக்குள் முழு வேகம் பிடித்துவிடும். அந்த மண்டலத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தாண்டிவிடும். ஒரு முறை கிளம்பும்போது முகங்கள் உரசும் தூரம் சில மில்லிமீட்டர்தான். அதனால் எத்தனை முறை போட்டு நிறுத்துகிறோம் என்பது மட்டும் இவ்வளவு தேய்மானத்தைத் தராது.

பதில் ஸ்டார்ட்டர் பெட்டியில் இருந்தது. கரண்ட் வந்ததும் தானாக ஓடும் ஆட்டோ வைத்திருந்தார்கள். இரவில் தூக்கத்தை விட்டு வயலுக்குப் போக வேண்டாம் என்பதற்காக, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடவே, ஒரு ஃபேஸ் போனாலும் ஓடுவதற்குக் கண்டென்சர். ஆம்பியர் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை உச்சத்துக்குத் திருப்பிவைத்திருந்தார்கள். மாலையில் எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடும் நேரத்தில் கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரைக் காட்டும் டாங் டெஸ்டரை வைத்துப் பார்த்தபோது, ஸ்டார்ட் ஆகும் ஆம்பியர் உடனே இறங்காமல் பல வினாடி நின்றது. மோட்டார் முனகிக்கொண்டே ஊர்ந்தது.

கணக்கு போட்டால் புரிகிறது. 100 கிலோ சுமையில் 0.15 உராய்வு என்றால் கிளம்பவே 4.5 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை வேண்டும். மோட்டாரின் முழுச்சுமைத் திருப்பு விசையே 12 நியூட்டன் மீட்டர் அளவுதான். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300 வந்தால் கிளப்பும் விசை பாதியாகிவிடும், அது வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்குவதால். இரண்டு ஃபேஸில் இன்னும் மோசம். அறுபது சுற்றில் ஐந்து வினாடி ஊர்ந்தால் கார்பன் ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம் வெறும் உரசலில் போகிறது. நல்ல ஸ்டார்ட்டில் சில மில்லிமீட்டர், இதில் ஒரு மீட்டர். அதோடு தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வான என்.ஆர்.வி. வேலை செய்யாததால், கரண்ட் போய் உடனே திரும்ப வரும்போது பைப்பிலிருந்து இறங்கும் தண்ணீர் பம்பைத் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆட்டோ அந்த நேரத்திலேயே மோட்டாரைப் போட்டுவிடும். பின்னோக்கிச் சுற்றுவதை நிறுத்தி முன்னோக்கித் திருப்ப, அதே உரசல் மண்டலத்தை இரண்டு பக்கமும் கடக்க வேண்டும்.

கரண்டைச் சொன்ன அக்கம்பக்கத்தாரின் கருத்தும் ஆக சரிதான். ஆனால் குறைந்த வோல்டேஜ் காயிலை நேராக எரிப்பதற்கு முன்னாலேயே கார்பனின் முகத்தைக் கீறிவிட்டது.

செய்தவை, இன்னும் அளப்பவை

கார்பனையும் தட்டையும் தேய்த்து மெருகேற்றிப் போட்டோம். நிரப்புவதற்கு நுண்வடி வழியாக இறக்கிய குடிநீர் மட்டும், காற்றுக் குமிழி போகும்வரை மோட்டாரை ஆட்டி ஆட்டி ஊற்றினோம். என்.ஆர்.வி. மாற்றப்பட்டது. ஆட்டோவை எடுக்கச் சொல்லவில்லை. கரண்ட் வந்த பிறகு தாமதித்துப் போடும் டைமரையும், வோல்டேஜ் குறைந்தாலோ ஒரு ஃபேஸ் போனாலோ போடாமல் இருக்கும் பாதுகாப்பையும் சேர்த்தோம். ரிலே மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்குத் திரும்பியது. கண்டென்சரை விட்டுக்கொடுப்பதில் விவசாயிக்குத் தயக்கம் இருந்தது. "ராத்திரி ரெண்டு ஃபேஸ்தானே தம்பி வருது, அப்ப என்ன பண்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பகலில் மூன்று ஃபேஸ் இருக்கும் நேரத்தில் ஓட்டி, தண்ணீரை நாற்றங்காலுக்கும் பக்கத்துக் குட்டைக்கும் பிரித்துவிடுவது என்று அவரே வழி கண்டார். அந்தக் குறுவையும் தொடர்ந்த சம்பாவும் மோட்டார் மேலே வராமல் முடிந்தன. அறுவடைக்குப் பின் எடுத்துப் பார்த்தபோது கார்பனின் முகம் மங்கியிருந்தது, விரல் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இல்லை.

ஒரே மோட்டார், ஒரே போர். வேதாரண்யம் பக்கத்து உப்பு நீரிலும், கொள்ளிடக் கரையின் மணல் மண்ணிலும் இதே எண்கள் வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது அளந்துகொண்டிருப்பது, சும்மா நின்ற பிறகு கிளம்பும் உராய்வு. சம்பா முடிந்து அடுத்த கோடைவரை பல மோட்டார்கள் போருக்குள் அசையாமல் கிடக்கின்றன. முதல் நாள் போடும்போது பிடித்துக்கொள்கின்றன. சுமையோடு ஒரு நிமிடம் நின்ற பேரிங்கைவிட ஓர் இரவு நின்ற பேரிங் கிளம்பக் கூடுதல் விசை கேட்கிறது. படலம் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறுவதால் என்று சொல்லிவிடலாம், ஆனால் கணக்கு அதை ஒப்புக்கொள்ளவில்லை: இந்தச் சுமையில் தண்ணீர் ஒரு மைக்ரான் வரை பிதுங்க ஒரு வினாடிகூட ஆகாது. பிறகு இரவு முழுவதும் எது மாறுகிறது? டிஸ்டில்டு வாட்டரில் அந்த ஏற்றம் குறைவாகவும், போர் தண்ணீரில் அதிகமாகவும் வருவதால், முகங்களின் ஓரத்தில் படியும் இரும்புக் கறையும் சுண்ணாம்பும்தான் என் முதல் சந்தேகம். மெக்கானிக்கிடம் இப்போதைக்குச் சொல்லியிருப்பது, பாசனம் இல்லாத மாதங்களிலும் வாரத்துக்கு ஒரு தடவை, மூன்று ஃபேஸும் வோல்டேஜும் சரியாக இருக்கும்போது, சில நிமிடம் மோட்டாரை ஓட்டி நிறுத்தச் சொல்லுங்கள் என்பது.